ஆல்டா ரேஞ்சர் நிலையம்: ஒரு மதிப்பீடு

தோற்றுவாய்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கில் மாண்டானா என்னும் மாநிலம் உள்ளது. அதன் தென்மேற்குப் பகுதியில், பிட்டர்ரூட் ஆற்றின் மேற்குக் கிளை பாயும் மலைப்பள்ளத்தாக்கில், ஓரறைக் குடில் ஒன்று நிற்கின்றது. அடுக்கிய மரக்கட்டைகளே அதன் சுவர். புல்லோடு பெயர்த்தெடுத்த மண்கட்டிகளே அதன் கூரை. 1899இல் எழுந்த இக்குடிலை ஆல்டா ரேஞ்சர் நிலையம் என வழங்குவர். நம் நாட்டில் வனச்சரகர் எனப்படும் அலுவலரையே அந்நாட்டார் ரேஞ்சர் என்பர். அவர் தங்கியிருந்து காட்டைக் காக்கும் மனையே ரேஞ்சர் நிலையமாகும்.

இதுவே அந்நாட்டின் முதல் ரேஞ்சர் நிலையம் என்பது ஒரு சாரார் கூற்று. அன்று எனப் பிற இரண்டு கட்டடங்களைக் காட்டுவாரும் உளர். இவ்வழக்கினை ஆராய்ந்து, இக்குடிலின் வரலாற்றுச் சிறப்பு யாது என வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வுக்கு உரிய இதழில் அயல்நாட்டுக் குடிலுக்கு இடம் ஏன் எனச் சிலர் வினவலாம். இலக்கிய வரலாற்றிலும் இத்தகைய வழக்குகள் நமக்குப் புதியன அல்ல. முதல் தமிழ் நாவல் எது, முதல் தமிழ்ச் சிறுகதை எது என்னும் வினாக்கள் நெடுங்காலமாக நம்மிடையே நிலவுகின்றன. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' முதல் நாவல் எனப் பெரும்பாலோர் ஒப்புவர். 'குளத்தங்கரை அரசமரம்' முதற் சிறுகதையா என்பதில் அத்தகைய உடன்பாடு இல்லை. சிறுகதை என்பதற்கு நாம் கொள்ளும் இலக்கணம் மாறுந்தோறும் விடையும் மாறும். ஏட்டையும் நூலையும் மதிப்பிடப் பழகிய முறை கட்டடத்துக்கும் பொருந்துமா என்று காண்பது ஆய்வு நெறிக்குப் பயன் தரும். ஆதலின் ஈண்டு இதனை எடுத்துக்கொண்டோம்.

மூன்று கட்டடங்கள்

முதற்கண் மூன்று கட்டடங்களின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்குவோம்.

பிட்டர்ரூட் காப்புக்காடு 1897 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் முதன்முதலாக ரேஞ்சர்கள் பணியில் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் வில்கர்சன், டட்டில் என்னும் இருவர் 1899இல் தம் கையாலேயே ஆல்டாக் குடிலைக் கட்டினர். வேண்டிய பொருள்களையும் தம் கைப்பொருள் கொண்டே வாங்கினர் என்பர். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள், அந்நாட்டின் விடுதலை நாளில், அதன்மேல் நாட்டுக் கொடியை ஏற்றினர். 1974இல் இக்குடில் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இரண்டாவது, கலிபோர்னியாவில் சான் கேப்ரியல் மலையில் 1900இல் எழுந்த வெஸ்ட் ஃபோர்க் நிலையம். லூயி நியூகோம் என்னும் ரேஞ்சர் கட்டிய மரக்குடில் அது. அதற்கு அரசு 70 டாலர் அளவில் செலவிட்டது என்பர். அரசுப் பணத்தால் எழுந்த முதல் நிலையம் இதுவே என்பது இதன் பக்கத்தார் கூற்று.

மூன்றாவது, வயோமிங் மாநிலத்தில் ஷோஷோன் ஆற்றின் வடகிளைக் கரையில் 1903இல் எழுந்த வாபிட்டி நிலையம். இது நிற்கும் காடு 1891 மார்ச்சு 30ஆம் நாள் அறிவிக்கப்பட்ட காடாகும். அந்நாட்டில் அமைந்த முதற் காப்புக்காடு அதுவே. வாபிட்டி நிலையம் 1963இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் உயர்நிலையைப் பெற்றது. காலத்தால் மூன்றனுள் பிற்பட்டதாயினும் ஏற்பு நிலையில் முற்பட்டு நிற்பது இதுவே என்பது கருதத்தக்கது.

'முதல்' என்னும் சொல்

இம்மூன்று கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும். உற்று நோக்கின் அவை வேறுவேறு பொருளைப் பேசுகின்றன என்பது புலனாகும். ஆல்டாவை முதல் என்பார் கட்டிய ஆண்டை நோக்குகின்றனர். வெஸ்ட் ஃபோர்க்கை முதல் என்பார் அரசின் செலவை நோக்குகின்றனர். வாபிட்டியை முதன்மைப்படுத்துவார் முதற் காப்புக்காட்டில் நிற்கும் நிலைமையை நோக்குகின்றனர். சொல் ஒன்று, அளவை மூன்று. அளவையை வெளிப்படையாகக் கூறாது சொல்லை மட்டும் வழங்கியதால் பிணக்கு விளைந்தது.

இதனினும் அடிப்படையான குறை ஒன்று உண்டு. ஐக்கிய நாட்டு வனத்துறை என இன்று அறியப்படும் அமைப்பு 1905இல் தோன்றியது. அதற்கு முன் காப்புக்காடுகள் உள்நாட்டுத் துறையைச் சார்ந்த பொது நில அலுவலகத்தின் ஆட்சியில் இருந்தன. 1905 பிப்ரவரி 1ஆம் நாளே அவை வேளாண் துறைக்கு மாற்றப்பட்டன. எனவே மூன்று நிலையங்களும் வனத்துறை பிறப்பதற்கு முன்னரே எழுந்தவை. வனத்துறையின் முதல் நிலையம் என்னும் பட்டத்திற்கு, சொல்லின் நேர்ப்பொருளில், இவற்றுள் ஒன்றுக்கும் உரிமை இல்லை. இவை தாய் பிறக்குமுன் பிறந்த பிள்ளைகளாக உள்ளன.

இதனாலே இவை சிறப்பற்றன என்று கொள்ளுதல் பொருந்தாது. சிறப்பு வேறிடத்தில் உள்ளது என்பதே இதனால் பெறப்படும். முதன்மை என்பது காலவரிசையில் ஓர் எண். நாளை பழையது ஒன்று வெளிப்படின் அந்த எண் மாறும். எண் மாறியவுடன் அழியும் சிறப்பு உண்மைச் சிறப்பு ஆகாது.

அந்நாட்டார் கொண்ட அளவுகோல்

வரலாற்று இடங்களைப் பேணும் சட்டம் அந்நாட்டில் 1966இல் நிறைவேறியது. அதன்வழி அமைந்த பதிவேட்டில் இடம்பெற நான்கு தகுதிகள் கூறப்படுகின்றன. வரலாற்றில் பெருநிகழ்ச்சியோடு தொடர்பு, சிறந்தோர் வாழ்வோடு தொடர்பு, கட்டடக்கலையின் தனித்தன்மை, எதிர்கால ஆய்வுக்குச் செய்தி தரும் வளம் என்பன அவை. இவற்றுள் ஒன்று இருப்பின் போதும். பொதுவாக ஐம்பது ஆண்டுக்குட்பட்டவற்றை அவர்கள் ஏற்பதில்லை. முதலாவது எழுந்தது எது என்னும் வினா இந்நான்கனுள் தனித்தகுதியாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தகுதியோடு சிதைவின்மையும் வேண்டும் என்பர். இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், கட்டுபொருள், கைவினை, உணர்வு, தொடர்பு என ஏழு கூறுகளாக அதனைப் பகுப்பர். ஏட்டுச்சுவடியை ஆராய்வார் வினவும் வினாக்களும் இவையே. இவ்வேடு எங்குக் கிடைத்தது? எழுத்து எக்காலத்தது? இடைச்செருகல் உண்டா? பெயர்த்தெழுதியவர் யாது மாற்றினார்? ஓலைக்கும் மரக்கட்டைக்கும் பொருள் வேறாயினும் ஐயம் ஒன்றே.

கைவினை பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். ஆல்டாக் குடிலில் கலைநுட்பம் யாதும் இல்லை, ஆதலின் கட்டடக்கலை நோக்கில் அது பொருட்படுத்தத்தக்கதன்று என்பாரும் இருப்பர். இக்கருத்தை யாம் ஏலோம். அலுவலர் இருவர், சிற்பியும் தச்சரும் இன்றி, அருகில் கிடைத்த மரத்தைக் கொண்டு எழுப்பியது என்பதனை அதன் எளிமையே உரைக்கின்றது. கட்டட வரைபடமும் ஒதுக்கீடும் இல்லாத ஆட்சியின் தொடக்க நிலையை அது காட்டுகின்றது. பிற்காலத்தில், 1933 முதல் 1942 வரை, வேலையற்ற இளைஞரைக் கொண்டு அரசு நடத்திய காப்புப் படையினர் நாடெங்கும் திட்டமிட்ட வடிவில் நிலையங்களைக் கட்டினர். அவற்றோடு ஒப்பிட்டுக் காணின் ஆல்டாவின் வறுமையே அதன் சான்றாகும்.

நிலமும் இருப்பிடமும்

தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார். கருவும் உரியும் அவற்றைச் சார்ந்தே அமையும். கட்டட மதிப்பீட்டுக்கு இவ்வகுப்பு பெரிதும் துணைசெய்கின்றது. கட்டடத்தை அதன் நிலத்தினின்று பிரித்தால் எஞ்சுவது கருப்பொருள் மட்டுமே.

வெஸ்ட் ஃபோர்க் நிலையத்துக்கு நேர்ந்தது இதுவே. பிற்காலத்தில் அதனைப் பிரித்தெடுத்துச் சிலாவோ என்னும் இடத்தில், பார்வையாளர் மனைக்கு அருகில், மீண்டும் அமைத்தனர். அழிவினின்று காத்தனர் என்பது உண்மை. அதற்கு நன்றி கூறுதல் கடன். ஆயினும் ஆற்றங்கரையில் இவ்விடத்தை ஏன் தேர்ந்தான், எவ்வழியை நோக்கி வாயில் வைத்தான், எவரை எதிர்நோக்கி அமர்ந்தான் என்னும் வினாக்களுக்கு அக்கட்டைகள் இனி விடை கூறா. பெயர்க்கப்பட்ட கட்டடங்களை எளிதில் ஏலாமை அப்பதிவேட்டின் பொதுவிதியாக இருப்பதன் காரணம் இதுவே. ஒரு செய்யுளைத் திணையும் துறையும் நீக்கித் தொகை நூலில் சேர்த்தது போன்றது அது. சொல் உளது, சூழல் இலது.

ஆல்டாவும் வாபிட்டியும் எழுந்த நிலத்திலேயே நிற்கின்றன. இந்நோக்கில் அவ்விரண்டும் வெஸ்ட் ஃபோர்க்கினும் மிக்கவை என்று துணியலாம்.

பிழையே சான்றாதல்

இனி ஆல்டாவின் வரலாற்றில் பலரும் வேடிக்கைச் செய்தியாகக் கூறிச்செல்லும் ஒன்றனை நோக்குவோம். குடிலைக் கட்டி ஐந்து ஆண்டு கழிந்தபின், 1904இல், அது வேறொருவரின் சுரங்க உரிமைநிலத்தில் நிற்கின்றது என்பது தெரியவந்தது. அரசின் அலுவலர் அரசுக்கு உரிமையில்லாத இடத்தில் அரசின் கொடியை ஏற்றியிருந்தனர். குடிலைக் கைவிட்டு நீங்கினர். 1941இல் ஹாமில்டன் நகர லயன்ஸ் சங்கத்தார் அதனை விலைக்கு வாங்கி வனத்துறைக்கு அளித்தனர். அதன் பின்னரே குடில் மீண்டும் அரசின் உடைமை ஆயிற்று.

இஃது இருவரின் கவனக்குறைவு மட்டும் அன்று. 1872ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி பொது நிலத்தில் கனிமம் கண்டவர் எவரும் எல்லைக்கல் நாட்டி உரிமை கோரலாம். காப்புக்காடுகளின் ஆட்சிக்கு அடிப்படையான 1897 ஜூன் சட்டமும் அக்காடுகளில் கனிமம் தேடும் உரிமையை நீக்கவில்லை. எனவே ஒரே நிலத்தின்மீது இரண்டு சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காட்டைக் காக்க வந்தவர்க்குக் காட்டின் எல்லையே தெளிவாக இல்லை. வரைபடத்தில் கோடிட்டுக் காப்புக்காடு என அறிவித்தல் எளிது. அக்கோட்டை நிலத்தில் காணுதல் அரிது. இவ்வரலாற்று உண்மையை நூறு அறிக்கைகள் கூறுவதினும் தெளிவாக இக்குடில் கூறுகின்றது.

பதிப்பாசிரியர்க்கு ஏட்டின் பிழை பெருந்துணையாவது உண்டு. இரண்டு ஏடுகளில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரு மூலத்தினின்று வந்தவை எனத் துணிவர். பிழை திருத்தி எழுதிய ஏடு அழகுடையது. பிழையோடு கூடிய ஏடு பெரும்பாலும் உண்மை கூறுவது. ஆல்டாவின் சிறப்பு அதன் முதன்மையில் இல்லை; அதன் பிழையில் உளது என்பது எம் கருத்து. வாபிட்டி வெற்றி பெற்ற ஆட்சியின் சின்னம். ஆல்டாவோ தான் நிற்கும் நிலத்தையே அறியாது தொடங்கிய ஆட்சியின் சான்று.

விடுபட்ட சான்று

அந்நிலம் யாருடையது என்னும் வினாவை இத்துடன் நிறுத்துதல் முறையாகாது. சுரங்க உரிமையாளருக்கும் ரேஞ்சருக்கும் முன்னர் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு சாலிஷ் மக்களின் தாயகமாக இருந்தது. 1855இல் ஹெல்கேட் என்னும் இடத்தில் நிகழ்ந்த உடன்படிக்கை, அப்பள்ளத்தாக்கை அளந்து ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும் எனக் கூறியது. 1872இல் கார்ஃபீல்டு என்பார் அரசின் சார்பில் வந்து, அம்மக்கள் வடக்கே பெயர்வதற்குரிய ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்தார். தலைவர் சார்லோ அதற்கு இசைந்திலர். மூல ஆவணத்தில் அவருடைய குறி இல்லை. ஆயினும் அரசு வெளியிட்ட அச்சுப்படியில் அவருடைய குறி இருந்தது.

மூலத்தில் இல்லாதது படியில் தோன்றிய இடைச்செருகல் இது. பாடபேதம் பார்ப்பவர் தொழில் நூலழகுக்காக மட்டும் அன்று என்பதற்கு இதனினும் கடுமையான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஒரு குறி ஒரு மக்கட்கூட்டத்தின் நிலத்தைப் பறிக்கத் துணைநின்றது. பல்லாண்டு மறுத்துநின்ற சார்லோவும் அவருடைய மக்களும் 1891 அக்டோபரில் தம் பள்ளத்தாக்கை விட்டு வடக்கே நடந்தனர்.

காப்புக்காடுகளை அமைக்க வழிசெய்த சட்டம் நிறைவேறியதும் அதே 1891இல், மார்ச்சு மாதத்தில். இரண்டும் ஒரே ஆண்டில் நேர்ந்தமை தற்செயலாகலாம். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று யாம் கூறவில்லை. ஆனால் அம்மக்கள் நீங்கி எட்டாண்டு கழிந்து எழுந்த குடிலைப் பற்றி எழுதும்போது, அது யாரும் இல்லாத காட்டில் எழுந்தது போல் எழுதுதல் வரலாறு ஆகாது. பிட்டர்ரூட் காட்டில் பட்டை உரித்த வடுவோடு நிற்கும் முதிய பைன் மரங்கள் இன்றும் உள்ளன. உட்பட்டையை உணவாகக் கொள்ளும் பொருட்டு அம்மக்கள் உரித்த வடுக்கள் அவை. மர வளையங்களை எண்ணி அவற்றின் காலத்தை அறியலாம். குடிலுக்கு முற்பட்ட ஆவணங்கள் அவை. முதல் எது என்னும் வழக்கில் அவற்றை எவரும் சாட்சியாக அழைப்பதில்லை.

தமிழகத்தோடு தொடர்பு

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. ஐக்கிய நாட்டு வனத்துறையின் முதல் தலைவர் கிஃபோர்டு பின்ஷோ என்பவர். அவர் இளமையில் ஐரோப்பா சென்று, பான் நகரில் வாழ்ந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரிடம் வழிகாட்டுதல் பெற்றார். அப்பிராண்டிஸ் 1864 முதல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அலுவலராக இருந்தவர். சென்னை மாகாணத்தில் 1882இல் நிறைவேறிய காட்டுச் சட்டம் உருவான காலத்திலும் அவருடைய கருத்துகள் ஆராயப்பட்டன. ஆகவே காப்புக்காடு என்று கோடிடும் முறையும், அக்கோட்டைக் காக்க அலுவலரை அமர்த்தும் முறையும் ஒரு மூலத்தினின்று இரு நாட்டிற்கும் கிளைத்த செய்திகள் எனலாம்.

நம் மலைகளிலும் அம்முறையின் சின்னங்களாகப் பழைய வனச்சரக மனைகளும் காட்டு விடுதிகளும் நிற்கின்றன. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பழஞ்சின்னம் எனக் கொள்ள நூறாண்டு வேண்டும் என்கின்றது. நூறாண்டு ஆயினும் ஓட்டுக்கூரை வேய்ந்த அலுவலக மனை கோயிலோடும் கோட்டையோடும் வைத்து எண்ணப்படுவது அரிது. அழகில்லை என்றோ, யாரும் அறியார் என்றோ கருதி அவற்றை இடித்தபின், அங்குக் காடு எவ்வாறு ஆளப்பட்டது, எவர் உள்ளே அழைக்கப்பட்டார், எவர் வாயிலில் நிறுத்தப்பட்டார் என்பவற்றை உரைக்கும் சான்று குறையும்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படும்.

முதல் ரேஞ்சர் நிலையம் எது என்னும் வழக்கு அளவை கூறாத வழக்கு. அளவையைக் கூறியவுடன் மூன்று கட்டடங்களுக்கும் தத்தமக்குரிய இடம் கிடைக்கின்றது. பெயர்க்கப்பட்ட கட்டடம் பேணத்தக்கதாயினும் தன் நிலத்தில் நிற்பதற்கு ஈடாகாது. ஆல்டாக் குடில் காலத்தால் முற்பட்டமையினும், எல்லை அறியாது எழுந்து கைவிடப்பட்டமையாலேயே மிகுதியும் சிறப்புடையது. அச்சிறப்பை முழுமையாகக் கூறவேண்டின், சாலிஷ் மக்களின் நீக்கத்தையும் அம்மரங்களின் வடுக்களையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

மதிப்பீடு என்பது பாராட்டுரை அன்று. ஒரு பொருள் எதற்குச் சான்று ஆகின்றது என்பதைக் காய்தல் உவத்தல் இன்றி வரையறுப்பதே அது. பெருமைக்குச் சான்றாவதை மட்டும் பேணி, பிழைக்குச் சான்றாவதைக் கைவிடுவோமாயின், பின்வருவோர் கையில் அச்சுப்படி மட்டும் இருக்கும், மூலம் இராது. அவ்வச்சுப்படியில் இல்லாத குறி எத்தனை உண்டு என்று அவர்கள் அறிய வழியும் இராது. நம் நாட்டுக் காட்டு மனைகளையும் இந்நோக்கில் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பதிவு செய்தல் வேண்டும். அப்பணி கட்டடக்கலை வல்லாரோடு ஆவணம் படிக்கப் பயின்ற நம்மவர்க்கும் உரியது என்று கூறி இவ்வாய்வினை முடிக்கின்றோம்.